குளத்துக்கு வந்த பெருந்தவளை

நுழையும்முன்

வீட்டுத் தோட்டத்தில் சிறு குளம் அமைத்து அல்லியும் வண்ண மீன்களும் வளர்ப்போர் இன்று பெருகியுள்ளனர். அக்குளத்திற்கு அழையாத விருந்தாளியாக ஒரு பெருந்தவளை வந்து சேர்ந்து, மீன்களை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்கினால் என் செய்வது? கொல்வதா, துரத்துவதா, வேறிடத்தில் கொண்டுபோய் விடுவதா? சிறியதாகத் தோன்றும் இவ்வினா, உயிரினங்களுக்கும் அவை வாழும் நிலத்துக்கும் உள்ள உறவைப் பற்றிய பெரிய வினாவோடு பிணைந்துள்ளது. அதனை ஆராய்கிறது இப்பாடம்.

ஏரி சூழ்ந்த ஊர்

காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, சென்னை – பெங்களூரு நெடுஞ்சாலையில் அமைந்துள்ளது தாமல். தொண்டை மண்டலத்தை இருபத்து நான்கு கோட்டங்களாகப் பகுத்திருந்த காலத்தில் அவற்றுள் ஒன்றுக்குப் பெயர் தந்த பழம்பதி இது. தாமர்க் கோட்டம் என்று அக்கோட்டம் வழங்கப்பட்டது. பெரிய ஆறுகள் ஆண்டு முழுதும் ஓடாத இந்நிலப்பகுதியில், பெய்யும் மழையைக் கரைகட்டித் தேக்கிப் பயிர் செய்யக் கற்றனர் முன்னோர். பழைய செங்கற்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்று அழைப்பதற்கு அதுவே காரணம். தாமல் ஏரியும் அத்தகைய பேரேரிகளுள் ஒன்று.

ஏரி என்றால் நம் நினைவுக்கு வருவது நீர்தான். ஆனால் தொண்டை மண்டலத்து ஏரி ஆண்டின் ஒரு பகுதியில் நீர்ப்பரப்பு. மற்றொரு பகுதியில் வெடித்த மண். இடைப்பட்ட காலத்தில் புல்வெளி. நீரும் நிலமும் மாறி மாறி ஆளும் இவ்விடத்தில் நீரிலும் நிலத்திலும் வாழவல்ல உயிர்களுக்கே வாழ்வு எளிது. ஆகவே இவ்வூர்களில் தவளைகள் மிகுந்திருப்பது இயல்பே. மழைக்காலத்தில் தெருவில் பாவு விரிக்க இயலாமல், தறிக்குழியில் ஈரம் ஊறி, நெசவாளர்கள் வேலையின்றி அமர்ந்திருக்கும் இரவுகளில், ஏரிப்புறத்திலிருந்து எழும் தவளைகளின் ஓசை காஞ்சிபுர வட்டாரத்து ஊர்கள் அனைத்திற்கும் பொதுவானது. ஒருவருக்குக் கவலை தரும் மழை மற்றோர் உயிருக்குத் திருமணக் காலம்.

அவ்வோசையில் மிகக் கனத்த குரல் எதுவோ அதுவே இப்பாடத்தின் நாயகன்.

பெயரும் பழமொழியும்

தவளை, தேரை, நுணல் எனப் பல சொற்கள் தமிழில் உள்ளன. ஒரே உயிரினக் கூட்டத்தைக் குறிக்க ஒரு மொழி பல சொற்களைப் பேணுகிறது என்றால், அம்மொழியினர் அவ்வுயிரைக் கூர்ந்து நோக்கியிருக்கின்றனர் என்பது பொருள். பழமொழி நானூறு நுணலை மணலுக்குள் மூழ்கி மறைந்திருக்கும் உயிராகக் காட்டுகிறது. கோடையில் தவளையினங்கள் பல மண்ணுக்குள் புதைந்து உறங்குவதை உயிரியல் அறிஞர் இன்று கோடை உறக்கம் என்பர். அதனைப் பார்த்தறிந்த பின்னரே அப்புலவர் எழுதியிருக்க வேண்டும்.

இலக்கணத்திலும் தவளைக்கு இடமுண்டு. நூற்பாக்கள் ஒன்றோடொன்று தொடர்பு கொள்ளும் முறைகளை நன்னூலார் நான்காகப் பகுத்தார்: ஆற்றொழுக்கு, அரிமா நோக்கம், தவளைப் பாய்த்து, பருந்தின் வீழ்வு. இடையிலுள்ள நூற்பாக்களைத் தாண்டி அப்பால் உள்ளதோடு பொருள் இயைவதே தவளைப் பாய்த்து. சிங்கத்துக்கும் பருந்துக்கும் இணையாக நிற்கும் பெருமையைத் தவளைக்கு வேறு எந்தக் கலை தந்துள்ளது என்று தெரியவில்லை.

'தவளை தன் வாயால் கெடும்' என்பது வழக்கு. வாயடக்கம் இல்லாதவருக்கு அறிவுரையாக இது சொல்லப்படுகிறது. தவளையின் நோக்கில் பார்த்தால் இது நியாயமான குற்றச்சாட்டு அன்று. ஆண் தவளை வாய் திறவாவிட்டால் பெண் தவளை அதனைத் தேடி வாராது, இனம் அற்றுப்போகும். கத்துவதால் பாம்பு வரும் என்பதும் உண்மை. கத்தாவிட்டால் வழித்தோன்றல் இல்லை என்பதும் உண்மை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்த உயிரை நாம் பேதை என்கிறோம்.

மூன்று தவளைகள், மூன்று குணங்கள்

தோட்டக் குளத்தில் ஒரு தவளையைக் கண்டவுடன் செய்ய வேண்டிய முதற்செயல், அது எத்தவளை என்று அறிதல். காஞ்சிபுரம் வட்டாரத்தில் பெரிய உடல் கொண்டு வீட்டருகே காணப்படுபவை பெரும்பாலும் மூன்று.

விலங்கியல் பாடத்தில் உறுப்பு மண்டலங்களைக் கற்கும்போது நீங்கள் சந்திக்கும் தவளை 'ரானா ஹெக்சாடாக்டைலா'. பின்னர் அதனை 'யூஃப்ளிக்டிஸ் ஹெக்சாடாக்டைலஸ்' என்றும் வழங்கினர். வழவழப்பான பச்சை உடல். அல்லி இலைகளுக்கு நடுவே தலையை மட்டும் காட்டி மிதக்கும். நீரை விட்டு வெளியேறுவது அரிது. இப்பச்சைத் தவளை வளர்ந்த பின்னர் நீர்த்தாவரங்களையே பெரும்பகுதி உண்கிறது. தவளையினத்தில் இது மிக அரிய இயல்பு. மீன் குறைகிறது என்று இதனைப் பிடித்து அடிப்பது, ஒருவர் செய்த குற்றத்திற்கு மற்றொருவரைத் தண்டிப்பதாகும்.

இரண்டாவது, தேரை. உலர்ந்த, பரு நிறைந்த தோல். கண்ணுக்குப் பின்னால் தடித்த நஞ்சுச் சுரப்பிகள். விளக்கடியில் அமர்ந்து பூச்சிகளைத் தின்னும். முட்டையிடும் காலம் தவிர நீருக்குள் இறங்காது. மீனுக்கும் இதற்கும் வழக்கில்லை.

மூன்றாவதே பெருந்தவளை. பழுப்பும் மங்கிய பச்சையும் கலந்த நிறம், கரும்புள்ளிகள், முதுகில் நீளவாக்கில் ஓடும் தோல் மடிப்புகள், பலவற்றில் முதுகின் நடுவே ஒரு வெளிறிய கோடு. மூக்கு நுனி முதல் பின்புறம் வரை பதினாறு, பதினேழு சென்டிமீட்டர் வரை வளரக்கூடியது. இந்தியத் தவளைகளுள் மிகப் பெரியவற்றுள் ஒன்று. பிரெஞ்சு அறிஞர் தோதேன் 1802இல் இதனை அறிவியல் உலகுக்கு அறிமுகம் செய்தபோது புலியை நினைவூட்டும் பெயரைச் சூட்டினார். இன்று இதன் பெயர் 'ஹோப்லோபேட்ராகஸ் டைகரினஸ்'. ஆங்கிலத்தில் 'புல்ஃபிராக்', அதாவது காளைத் தவளை. ஒருவர் உடலைக் கண்டு புலி என்றார். மற்றொருவர் குரலைக் கேட்டுக் காளை என்றார்.

தெரிந்து தெளிவோம்

மழை தொடங்கியதும் ஆண் பெருந்தவளையின் உடல் பளிச்சென்ற மஞ்சளாக மாறும். கன்னங்களின் இருபுறமும் குரற்பைகள் நீல நிறத்தில் உப்பும். 2020ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் மத்தியப் பிரதேசத்தின் நரசிங்பூரில் எடுக்கப்பட்ட, மஞ்சள் தவளைகள் கூட்டமாகக் குதிக்கும் காணொளி நாடெங்கும் பரவியது. புதிய இனம் என்றும் நோயின் அறிகுறி என்றும் பலர் எண்ணினர். அவை நம் ஏரிகளில் வாழும் அதே தவளைகளே. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும்.

வேட்டையாடும் முறை

பெருந்தவளை இரையைத் தேடி அலைவதில்லை. கரையோரம் அசைவின்றி அமர்ந்திருக்கும். அதன் கண்ணுக்கு அசைவதே உணவு. இரை எட்டும் தொலைவுக்கு வந்ததும் நாக்கு வெளியே பாயும். நம் நாக்கு பின்புறம் பொருந்தி முன்புறம் விடுபட்டிருக்கிறது. தவளையின் நாக்கோ முன்புறம் பொருந்திப் பின்புறம் விடுபட்டது. ஆகவே மடித்து வைத்த கையை நீட்டுவது போல அதனை வெளியே எறிய முடிகிறது. இரை பெரிதாயின் நாக்கை நம்பாமல் வாயையே திறந்து பாய்ந்து கவ்வும். முன்னங்கால்களால் உள்ளே தள்ளும். விழுங்கும்போது கண்களை மூடுவதைக் காணலாம். அது உணவின் சுவையில் மயங்குவது அன்று. கண்கோளங்கள் உள்ளிறங்கி இரையைத் தொண்டைக்குள் தள்ளுகின்றன.

வாயில் அடங்குவதெல்லாம் அதற்கு உணவு. வண்டு, வெட்டுக்கிளி, மண்புழு, நண்டு, சிறு மீன், சுண்டெலி, பல்லி, சிறு பாம்பு, பறவைக்குஞ்சு, தன்னினும் சிறிய தவளை ஆகியவற்றை இது உண்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்துள்ளனர். எனினும் இவற்றுள் பெரும்பங்கு பூச்சிகளும் முதுகெலும்பற்ற பிற உயிர்களுமே. வயலில் நாற்றின் தண்டை வெட்டி வரப்பைத் துளைக்கும் நண்டினைத் தின்னும் இவ்வியல்பு உழவர்க்கு உதவி. கொசுவை ஒழிக்கும் என்று சிலர் இதனைப் புகழ்வர். அது மிகை. இத்துணைப் பெரிய உடலுக்குக் கொசு ஒரு பருக்கைக்கும் ஈடாகாது. தவளையைக் காக்க வேண்டும் என்று சொல்வதற்கு இல்லாத நன்மையைக் கற்பிக்க வேண்டியதில்லை.

தலைப்பிரட்டைகளும் தாயைப் போன்றவையே. பெரும்பாலான தவளைகளின் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டித் தின்ன, பெருந்தவளையின் தலைப்பிரட்டைகள் பிற தலைப்பிரட்டைகளையும், சில வேளை தம் உடன்பிறப்புகளையும் தின்னும். மழைநீர்க் குட்டை வற்றுமுன் வளர்ந்து கரையேறியாக வேண்டும் என்ற நெருக்கடி அவற்றுக்கு. ஊனுணவு வளர்ச்சியை விரைவுபடுத்துகிறது.

கால் ஏற்றுமதியான காலம்

பெருந்தவளையை மனிதர் எதிர்கொண்ட வரலாற்றில் மறக்கக் கூடாத அதிகாரம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பிய நாடுகளிலும் தவளையின் பின்னங்கால் விருந்துணவு. அந்நாடுகளின் தேவையை நிறைவு செய்யும் பெரிய ஏற்றுமதி நாடாக இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தியா விளங்கியது. 1980களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு மூவாயிரம் டன்னுக்கு மேல் கால்கள் கப்பலேறின. ஓர் இணைக் கால் நூறு கிராம் என்று வைத்துக்கொண்டு கணக்கிட்டுப் பாருங்கள்: மூவாயிரம் டன் என்பது மூன்று கோடித் தவளைகள். அத்தனையும் பண்ணையில் வளர்த்தவை அல்ல. வயலிலும் ஏரியிலும் பிடித்தவை.

பிடிக்கும் வேலை மழைக்கால இரவுகளில் நடந்தது. விளக்கொளி கண்ணில் பட்டதும் தவளை அசையாமல் நிற்கும். குரல் வந்த திசையில் சென்று, ஒளியைக் காட்டி, கையால் அள்ளிச் சாக்கில் போட்டனர். நிலமற்ற ஏழைகளுக்கு அது வருவாய் தரும் தொழில் என்பதையும் மறைக்கக் கூடாது. வேலையற்ற மழை நாள்களில் உலை வைக்க உதவிய பணம் அது. ஆனால் இணைதேடி வந்தவை முட்டையிடுமுன் பிடிபட்டன. பல இடங்களில் உயிர் இருக்கும்போதே கால்கள் வெட்டப்பட்டன.

மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தைச் சேர்ந்த பறவையியல் அறிஞர் உமாயூன் அப்துல் அலி இவ்வணிகத்தை எதிர்த்து எழுதியவர்களுள் முதன்மையானவர். தவளைகள் குறைந்தால் வயற்பூச்சிகளும் நண்டுகளும் பெருகும். அவற்றைக் கொல்லப் பூச்சிக்கொல்லிக்குச் செலவிட வேண்டும். காலை விற்று ஈட்டும் அயல்நாட்டுச் செலாவணி அவ்வழியே வெளியேறும் என்பது வாதம். இரக்கத்தைக் கொண்டு மட்டும் பேசாமல் வரவு செலவைக் கொண்டும் பேசியதால் அவ்வாதம் அரசின் செவிக்கு எட்டியது. அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் 1985இல் பெருந்தவளையும் பச்சைத் தவளையும் சேர்க்கப்பட்டன. 1987இல் இந்தியா தவளைக்கால் ஏற்றுமதியைத் தடை செய்தது. வணிகம் நின்றுவிடவில்லை, வங்கதேசத்துக்கும் இந்தோனேசியாவுக்கும் இடம் பெயர்ந்தது. ஆனால் நம் ஏரிகளின் இரவுக் குரல் மீண்டது. இன்று இப்பெருந்தவளை உலக அளவில் அழியும் நிலையிலுள்ள இனம் அன்று.

கடல் கடந்த பெருந்தவளை

தாமல் ஏரியில் இயற்கையின் ஒழுங்கோடு ஒன்றி வாழும் உயிர், வேறொரு நிலத்தில் என்ன ஆகும்? இதற்கு விடை அந்தமான் தீவுகளில் உள்ளது.

சென்னையிலிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேல் கிழக்கே வங்கக் கடலில் உள்ள அத்தீவுகளில் பெருந்தவளை இயற்கையாக வாழ்ந்ததில்லை. கடல்நீரைக் கடந்து தவளை நீந்திச் செல்ல இயலாது. உப்பு அதன் தோலுக்குப் பகை. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அது அங்கே தலைகாட்டியது. வளர்ப்பு மீன்குஞ்சுகளைப் பெருநிலத்திலிருந்து கொண்டுவந்தபோது அவற்றோடு தலைப்பிரட்டைகளும் கலந்து சென்றன என்பதே ஆய்வாளர்கள் காட்டும் வழி. நீர் நிரம்பிய ஒரு நெகிழிப் பையில் மீன்குஞ்சும் தலைப்பிரட்டையும் ஒன்றாக நீந்தினால் வாங்குபவர் கண்ணுக்கு வேறுபாடு எளிதில் தெரியாது. பின்னர் மீன்வளர்ப்பின் வழியாகவே தீவுவிட்டுத் தீவுக்குப் பரவி, மக்கள் வாழும் பல தீவுகளிலும் பெருந்தவளை குடியேறிவிட்டது.

நித்திய பிரகாஷ் மொகந்தி என்னும் இளம் ஆய்வாளர், ஜான் மீசி முதலான அறிஞர்களுடன் இணைந்து இப்பரவலை ஆராய்ந்தார். பெருந்தவளையின் தலைப்பிரட்டைகளையும் அந்தமானுக்கே உரிய சிறு தவளைகளின் தலைப்பிரட்டைகளையும் ஒரே நீரில் விட்டு நோக்கியபோது, சில நாள்களுக்குள் உள்ளூர்த் தலைப்பிரட்டைகள் எஞ்சவில்லை. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இத்தகைய வேட்டையாளரைக் காணாத அவற்றுக்குத் தப்பும் வழி தெரியவில்லை. கோழிக்குஞ்சுகளும் வளர்ப்பு மீன்களும் பறிபோவதாக அத்தீவுகளின் உழவர்களும் முறையிடுகின்றனர்.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்க வேண்டும். தவளை மாறவில்லை, அதன் பசியும் மாறவில்லை. தாமலில் அதனைத் தின்னச் சாரைப்பாம்பும் நீர்ப்பாம்பும் கொக்கும் உள்ளன. அதன் தலைப்பிரட்டைகளைத் தின்ன விரால் மீனும் தட்டான்பூச்சியின் இளம்புழுவும் உள்ளன. அதனோடு நெடுங்காலம் வாழ்ந்து பழகிய பிற தவளைகள் முட்டையிடும் இடத்தையும் காலத்தையும் பிரித்துக்கொண்டுள்ளன. கோடை வறட்சி ஆண்டுதோறும் அதன் தொகையைக் குறைக்கிறது. அந்தமானில் இவ்வணைகளுள் பல இல்லை. மடகாஸ்கர் தீவிலும் மாலத்தீவுகளிலும் இதே இனம் மனிதரால் கொண்டு செல்லப்பட்டுப் பெருகியுள்ளது.

பிற நாடுகளின் பட்டறிவும் இதுவே. கரும்பைத் தாக்கும் வண்டுகளை ஒழிப்பதற்காக 1935இல் ஹவாயிலிருந்து ஏறத்தாழ நூறு கரும்புத் தேரைகளை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டு வந்தனர். வண்டு ஒழியவில்லை, தேரை பெருகியது. அதன் நஞ்சை அறியாமல் விழுங்கிய உள்ளூர் விலங்குகள் மடிந்தன.

நம் குளத்தில் என் செய்வது?

இப்போது தாமலில் ஒரு வீட்டுத் தோட்டத்தை எண்ணிக்கொள்வோம். பத்தடி நீளமுள்ள குளம், அல்லிக் கொடி, சில கப்பி மீன்கள், பொன்மீன்கள். மழைக்குப் பின் ஒரு பெருந்தவளை குடிபுகுந்து, மீன் தொகை குறைகிறது. வீட்டிலுள்ளோர் மூவகையாகப் பேசக்கூடும். அடித்துவிடலாம் என்பார் ஒருவர். சாக்கில் கட்டித் தொலைவில் விட்டுவிடலாம் என்பார் மற்றொருவர். தவளை இருந்தால் பாம்பு வரும் என்று அஞ்சுவார் பாட்டி.

முதலில் யார் விருந்தாளி, யார் வீட்டுக்காரர் என்று தெளிய வேண்டும். கப்பி மீனின் தாயகம் தென் அமெரிக்கா. பொன்மீன் சீனத்திலிருந்து வந்தது. கொசுப் புழுக்களைத் தின்பதற்காகக் குளங்களில் விடப்படும் கம்பூசியா மீனும் அமெரிக்கக் கண்டத்தது. 1928இல் இத்தாலி வழியாக இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பெருந்தவளையோ இம்மண்ணுக்கு உரியது. மீன் வளர்ப்பவரின் வருத்தம் பொய்யன்று; ஆயினும் இவ்வழக்கில் ஆக்கிரமிப்பாளர் என்று தவளையைக் குறிப்பிட இயலாது.

அடித்துக் கொல்வது தீர்வாகாது. ஏரி அருகிலிருக்கும்வரை ஒன்று போனால் மற்றொன்று வரும். இடம் காலியாக இருப்பதே அதற்கு அழைப்பு. உப்பையோ சலவைத் தூளையோ தூவுவோரும் உண்டு. தவளை தோலின் வழியாகவும் சுவாசிக்கிறது. தோலின் வழியாகவே நீரை உறிஞ்சுகிறது. உப்பு அதன் உடல்நீரை வெளியே இழுத்து மெல்ல மெல்லக் கொல்லும். அதே உப்பு குளத்து அல்லியையும் விடாது. மேலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தவளையினங்களையும் தன் காவலுக்குள் கொண்டுவந்தது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும்.

தொலைவில் கொண்டுபோய் விடுவது அறமாகத் தோன்றும். அங்கே இரண்டு இடர்கள் உள்ளன. தவளைகள் பலவும் தம் நீர்நிலைக்குத் திரும்பும் வழியறிந்தவை. அருகில் விட்டால் சில இரவுகளில் திரும்பிவிடும். மிகத் தொலைவில், வேறு வட்டாரத்து நீரில் விட்டாலோ அதன் தோலில் ஒட்டியுள்ள நோய்க்கிருமிகளும் உடன் செல்லும். சைட்ரிட் என்னும் நீர்வாழ் பூஞ்சை உலகெங்கும் தவளையினங்களைத் தாக்கி வருகிறது. அந்நோயால் 501 இருவாழ்வி இனங்கள் நலிந்தன என்றும், அவற்றுள் 90 அற்றுப்போயிருக்கக் கூடும் என்றும் 2019இல் அறிவியலாளர் குழு ஒன்று மதிப்பிட்டது. அப்பூஞ்சை பரவியதில் மனிதர் தவளைகளை இடம் மாற்றியதற்குப் பெரும்பங்கு உண்டு. எனவே எடுத்தே ஆக வேண்டுமெனில், அருகிலுள்ள அதே ஏரியின் கரைக்கு மட்டுமே கொண்டு செல்லலாம். சோப்பும் களிம்பும் படாத, நீரில் நனைத்த கைகளால், இரு தொடைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்க வேண்டும். உலர்ந்த கை அதன் தோலின் வழவழப்பைத் துடைத்தெடுத்துவிடும். பிடித்த பின்னர்க் கையைக் கழுவுவது நமக்கு நல்லது.

இவ்வளவு தொல்லைக்கும் மாற்று, குளத்தின் அமைப்பைத் திருத்துவதே. தவளை சரிவான கரையையே விரும்பும். செங்குத்தாகவும் வழவழப்பாகவும், தரையிலிருந்து இரண்டு மூன்றடி உயர்ந்தும் எழுப்பிய தொட்டிக்குள் அது ஏறுவது கடினம். வண்ண மீன்களுக்கு அத்தகைய தொட்டி ஒன்றும், வருவோர்க்கெல்லாம் திறந்த தாழ்ந்த குளம் ஒன்றும் என இரண்டாகப் பிரித்துவிட்டால் வழக்கு தீர்ந்தது. இடம் இல்லாதவர்கள் குளத்தின் நடுவே ஆழத்தைக் கூட்டி, ஓடுகளையும் உடைந்த மண்பானைகளையும் அடியில் இட்டு மீன்களுக்கு ஒளியிடம் தரலாம். கரையோரத்து ஆழமற்ற நீரில் மேயும் மீனே தவளைக்கு அகப்படும். நடுவில் இருப்பது பெரும்பாலும் தப்பும். குளத்தருகே இரவெல்லாம் எரியும் விளக்கை அணைத்தாலே பாதித் தொல்லை குறையும். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்குத் தவளை வரும்.

வலை விரிப்பதாயின் விறைப்பான கம்பி வலையையே சட்டத்தில் பொருத்த வேண்டும். தளர்ந்த நைலான் வலையில் சாரைப்பாம்பு செதில் சிக்கி, வெளிவர முயன்று மேலும் இறுகி, வெயிலில் கிடந்து இறப்பது நம் ஊர்களில் அடிக்கடி நேர்வது.

பாட்டியின் அச்சத்தையும் எளிதாகத் தள்ளிவிடக் கூடாது. நீர்ப்பாம்பும் சாரையும் மட்டுமன்றி நல்லபாம்பும் தவளையைத் தின்னும். தவளை மிகுந்த இடத்தில் பாம்பு வருவது இயல்பே. ஆனால் பாம்பு தங்குவதற்குக் காரணம் தவளை அன்று. அடுக்கி வைத்த விறகும் செங்கற்குவியலும் எலி வளையுமே. குளத்தைச் சுற்றி நான்கு முழம் புல்லை மழித்து, குப்பையை அகற்றி, இரவில் கைவிளக்கின்றிச் செல்லாதிருந்தால் அச்சம் பெரிதும் குறையும். சிறு குழந்தைகள் உள்ள வீட்டில் குளத்துக்கு வேலி கட்டுவது தவளைக்காக அன்று, நீருக்காகவே இன்றியமையாதது.

ஒரு செய்தி மீன் வாங்குவோர்க்கு மட்டும். கடையிலிருந்து வரும் மீன்களை உடனே குளத்தில் கொட்டாமல் ஒரு வெள்ளைத் தட்டில் ஊற்றிப் பாருங்கள். உருண்டை உடலும் ஒற்றை வாலும், செதிலும் பக்கத்துடுப்பும் இல்லாமையும் தலைப்பிரட்டையைக் காட்டிக்கொடுக்கும். அந்தமானுக்குச் செல்லும் மீன்குஞ்சுப் பைகளில் இந்தச் சிறு சோதனை நடந்திருந்தால் அத்தீவுகளின் கதை வேறாக இருந்திருக்கக் கூடும். அதேபோல் குளத்தில் மிஞ்சிய அயல்மீன்களை ஏரியில் விடுவதும் தவறு. தாமல் ஏரிக்குப் பெருந்தவளையால் தீங்கில்லை, பொன்மீன் அப்படியன்று.

கோடை வந்து குளம் வற்றும்போது தவளை எங்கோ போய்விட்டது என்று எண்ணுவோம். பெரும்பாலும் அது போயிருக்காது. சேற்றிலோ, கரையின் ஈரமண்ணிலோ, தென்னையின் அடியிலோ புதைந்து, மூச்சையும் துடிப்பையும் குறைத்துக்கொண்டு மழைக்குக் காத்திருக்கும். ஏப்ரல், மே திங்கள்களில் குளத்தைத் தூர் வாருவோர் மண்வெட்டியை ஓங்கி வெட்டாமல், மேல்மண்ணைத் தட்டையாகச் சீவி எடுப்பது நல்லது. ஈரக் களிமண் கட்டி போன்று கையில் வருவது சில நேரம் மெல்லக் கண் திறக்கும். அதனை நிழலான ஈரமண்ணில் வைத்து மூடிவிட்டு வேலையைத் தொடரலாம்.